கொள்ளைநோய்க் காலத்தில் வாக்குக் கேட்ட பெண்கள்

தமிழக அரசியல் மேடைகளில் மிகுதியாக ஒலித்த சொற்களுள் ஒன்று ‘தாய்க்குலம்’. எந்தக் கட்சியின் கூட்டமாயினும் அவ்விளி இல்லாமல் பேச்சுத் தொடங்குவது அரிது. கூட்டம் நிறையத் தாய்க்குலம் வேண்டும். வேட்பாளர் தெருவுக்குள் நுழைந்தால் ஆரத்தித் தட்டு ஏந்தத் தாய்க்குலம் வேண்டும். வாக்குச் சாவடியின் வரிசையில் வெயில் ஏறுமுன் வந்து நிற்கவும் அவர்களே வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது தமிழக வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் அதிகமாக இருந்தனர். அத்தேர்தலில் தெரிவான 234 உறுப்பினருள் பெண்கள் 12 பேர். நாம் தமிழர் கட்சி மட்டும் சரிபாதியாக 117 பெண்களை நிறுத்திற்று. அவர்களுள் ஒருவரும் வெல்லவில்லை.

இக்கணக்கைச் சொல்லிப் புலம்புவது என் நோக்கமன்று. அதைச் செய்வோர் பலர் உளர். ஊரே மூச்சுத் திணறிக் கிடந்த அந்த இரண்டு ஆண்டுகளில் பொதுவாழ்வில் நின்ற பெண்கள் சிலரை நான் செய்தித்தாளில் கண்டேன். ஒருத்தியை எங்கள் வீட்டிலேயே கண்டேன். அவர்களைப் பற்றித்தான் எழுத விழைகிறேன்.

எம் ஊர் நெல்லிக்குப்பம். கடலூரிலிருந்து பண்ருட்டிக்குச் செல்லும் சாலையில், கெடிலம் ஆற்றுக்கு அணித்தே உள்ளது. கரும்பாலையால் பெயர் பெற்ற ஊர். முஸ்லிம் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஊர். இங்கிருந்து நெய்வேலிச் சுரங்கத்திற்கும் அனல்மின் நிலையத்திற்கும் வேலைக்குப் போய் அங்கேயே நகரியத்தில் குடியேறியோரும் உண்டு. என் தம்பி அவர்களுள் ஒருவன். நான் முப்பதாண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அரசியல் எங்கள் வீட்டில் ஆண்கள் பேசும் பொருளாகவே இருந்துவந்தது. தேநீர் கொண்டுபோய் வைக்கையில் காதில் விழுந்தது மட்டுமே பெண்களுக்குக் கிடைத்த அரசியல் கல்வி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதனினும் பெரிய இடி தில்லியிலிருந்து வந்தது. நிஜாமுத்தீன் மர்கஸில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குச் சென்று திரும்பியோர் சிலருக்கு நோய் கண்டதும், தொலைக்காட்சிகள் அந்நோய்க்கே மதம் மாற்றிவிட்டன. சென்னையில் நாள்தோறும் மாலையில் செய்தியாளர்முன் தோன்றி எண்ணிக்கை அறிவித்தவர் அன்றைய சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ். அவர் அரசியல்வாதி அல்லர், அதிகாரி. ஆயினும் அவ்வாரங்களில் அரசின் முகமாக மக்கள் கண்டது அவரைத்தான். அவர் வாய் திறந்து சொல்லும் எண்ணில் எங்கள் தெருவின் மானம் அடங்கியிருப்பதுபோல் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். தில்லிக் கூட்டம் என்ற சொல் அவர் வாயில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஒலியைக் குறைப்பார். நாடோ அவர் உடுத்திய புடைவையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது! ஓர் ஆண் செயலாளர் அணிந்த சட்டையின் நிறம் என்றேனும் செய்தியானதுண்டா? அவர் ஜூன் 12ஆம் நாள் அப்பொறுப்பினின்றும் மாற்றப்பட்டார். ஆகஸ்டு மாதத்தில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டவர்மீது போடப்பட்ட வழக்குகளைத் தள்ளி, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று எழுதியது. அத்தீர்ப்பை எந்தத் தொலைக்காட்சி எத்தனை மணி நேரம் காட்டியது என்பது வாசகர்கள் அறிந்ததே.

எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் காய்கறி வண்டி அந்த ஏப்ரலில் பத்து நாள் வரவில்லை. மே மாதம் பிறந்ததும் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளரிடையே நோய் கண்டது. கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு உறுதியாயிற்று. அவர்கள் எல்லாச் சாதியினரும் எல்லா மதத்தினரும். வண்டிக்காரர் மறுநாளே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். அவர்மேல் எனக்குச் சினமில்லை. வெண்டைக்காய் மலிவாகவே கொடுத்தார்.

அந்நாளில்தான் என் தங்கை மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட ஆரம்பித்தாள். வணிகவியலில் பட்டம் பெற்றவள். வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவள். மகளிர் சுயஉதவிக் குழுவொன்றின் கணக்கு எழுதுபவள். முதலில் முகக்கவசம் தைத்தார்கள். அவற்றைக் கொடுக்க வீடு வீடாகப் போனபோது, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, எவருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்தப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது என்பதெல்லாம் தெரியலாயிற்று. நோட்டில் ஐந்து பத்திகள்: பெயர், வீடு, நோய், மருந்து, தீரும் நாள். கடலூருக்கு மின்-அனுமதிச் சீட்டுப் பெற்றுச் செல்வோரிடம் பட்டியலைக் கொடுத்து மருந்து வாங்கி வரச் செய்தாள். நகராட்சிச் சுகாதார ஆய்வாளரின் கைப்பேசி எண் அவளுக்கு மனப்பாடம். அவள் கணவர், “நம்ம வீட்டு எண்ணைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் கூப்பிடுறா” என்று சிரிப்பார்.

அப்பொழுது எம் ஊரை உள்ளடக்கிய பண்ருட்டித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் ஒரு பெண்தான். அ.இ.அ.தி.மு.க.வின் சத்யா பன்னீர்செல்வம், 2016இல் வென்றவர். 2021இல் கட்சி அவருக்கு மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. ஏன் என்பது கட்சிக்காரர் அறிந்த கதை. ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இடம் அடுத்த முறையும் அவளுடையதாக இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை என்பதுவரை எங்களுக்குப் புரிந்தது.

பிற மாநிலங்களில் நடந்தவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். தெலங்கானாவின் முலுகுத் தொகுதி உறுப்பினர் சீதக்கா, முன்னாளில் நக்சலைட்டாக ஆயுதம் ஏந்தியவர், ஊரடங்கின்போது காட்டுவழியே நடந்து பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அரிசியும் காய்கறியும் கொண்டு சென்றார். தலையிலும் தோளிலும் சுமை ஏற்றிக்கொண்டு அவர் ஓடை கடக்கும் படங்களைப் பார்த்து, ‘இதெல்லாம் படம் பிடிப்பதற்காக’ என்று எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அரிசி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என் கேள்வி, சேர்ந்தது. அவர் 2023 டிசம்பரில் அம்மாநிலத்தின் அமைச்சரானார்.

கேரளத்தின் கே.கே. ஷைலஜாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அங்கே அமைச்சரான பின்னரும் ‘டீச்சர்’ என்றே அழைத்தனர். ஓர் ஆசிரியைக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, மறைப்பானேன்! 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் நிபா பரவியபோது சுகாதார அமைச்சர் அவர். நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலி லினி அந்நோயிலேயே மாண்டார். இறந்தவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். உடலிலிருந்து நோய் பரவும் என்று அஞ்சி எரிப்பதே நல்லதென்று பேச்சு எழுந்தபோது, நன்கு மூடிய உறையில் வைத்து மிக ஆழமான குழியில் அடக்கம் செய்வதற்கு வழி காணப்பட்டது. மருத்துவமும் மார்க்கமும் ஒன்றையொன்று கொல்லாமல் ஒரு குழியில் அமைதியடைந்தன. 2020 ஜனவரி 30ஆம் நாள் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி அம்மாநிலத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டபோது, அவருடைய துறை அதற்கு முன்னரே கூடித் திட்டமிட்டிருந்தது.

இத்தகையவருக்குக் கிடைத்த பட்டம் யாது? அவ்வாண்டு ஜூன் மாதம் அங்கிருந்த எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர், ‘நிபா இளவரசி’யாக இருந்தவர் ‘கோவிட் ராணி’யாகப் பார்க்கிறார் என்று பேசினார். ஓர் ஆண் அமைச்சரை ‘காலரா இளவரசன்’ என்று எவரும் அழைத்து நான் கேட்டதில்லை. 2021 தேர்தலில் மட்டன்னூர்த் தொகுதியில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்றார் ஷைலஜா. அவர் கட்சியே புதிய அமைச்சரவையில் அவரைச் சேர்க்கவில்லை. பழையவர் எவரும் வேண்டாம், எல்லாரும் புதியவர் என்பது கட்சி சொன்ன காரணம். முதலமைச்சர் மட்டும் பழையவர். அவருக்குப்பின் அத்துறை வீணா ஜார்ஜ் என்னும் மற்றொரு பெண்ணிடம் சென்றது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

பெண் என்பதாலேயே ஒருவர் இரக்கமுள்ள ஆட்சியாளர் ஆகிவிடுவார் என்று எண்ணுவோர் கடல் தாண்டிச் சற்றுப் பார்க்கட்டும். அதே 2020இல் இலங்கையின் சுகாதார அமைச்சரும் ஒரு பெண்தான்: பவித்ரா வன்னியாராச்சி. ஏப்ரல் 11ஆம் நாள் அந்நாட்டு அரசிதழில் ஓர் ஆணை வெளியாயிற்று. கொரோனாவால் இறந்தோர் எவராயினும் எரிக்கப்பட வேண்டும் என்பது அது. அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அடக்கம் செய்துகொண்டிருந்தன. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சாக்குச் சொன்னார்கள். அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன பச்சிளங் குழந்தையொன்று பெற்றோரின் இசைவின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிற்கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போயினர். கபன் துணி என்று அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2021 ஜனவரியில் அவ்வமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, எரிக்கும் கொள்கையில் மாற்றமில்லை என்று அறிவித்தார். மந்திரித்த குடத்து நீரை ஆற்றில் ஊற்றியும், நாட்டு வைத்தியர் ஒருவர் தந்த பாணியைப் படக்கருவிகளின் முன்னே குடித்தும் நோயை விரட்ட முயன்றவரும் அவரே. அம்மாத இறுதிக்குள் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார். எவருக்கும் அந்நோய் வரவேண்டும் என்று நாம் விரும்புபவரல்லர்.

2021 பிப்ரவரி இறுதியில்தான் ஆணை விலக்கப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியை அடுத்த மஜ்மா நகரில் மார்ச் மாதம் அடக்கம் தொடங்கிற்று. எந்த ஊரில் இறந்தாலும் அங்கேதான் கொண்டு செல்ல வேண்டும். 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை முஸ்லிம்களிடம் முறைப்படி மன்னிப்புக் கோர முடிவு செய்தது. எரிந்தவர்களின் மக்கள் எந்தக் கபுரின் தலைமாட்டில் நின்று ஃபாத்திஹா ஓதுவார்கள்?

இதை நான் உணர்ச்சி மேலீட்டால் எழுதுவதாக நினைக்க வேண்டா. 2021 மே மாதம் எங்கள் அண்ணன் மௌத்தானார்கள்.

அந்தத் தேர்தலும் அந்த மரணமும் என் நினைவில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. தமிழகத்தில் ஏப்ரல் 6ஆம் நாள் வாக்குப்பதிவு. ஒரு சாவடிக்கு ஆயிரம் பேருக்கு மேல் கூடாது என்று சாவடிகளின் எண்ணிக்கையை 88,000க்கும் மேல் உயர்த்தினார்கள், வாசலில் வெப்பமானி, வலக்கைக்கு நெகிழிக் கையுறை. அந்த ஒழுங்கெல்லாம் அன்று ஒரு நாளைக்கு. அதற்கு முந்திய மாதம் முழுவதும் கூட்டம் கூட்டமாக ஊர்வலங்கள், தோளோடு தோள் உரசி நின்ற பொதுக்கூட்டங்கள், வண்டி வண்டியாக அழைத்துவரப்பட்ட தாய்க்குலம். தி.மு.க. மகளிரணிச் செயலாளரும் தூத்துக்குடி நாடாளுமன்ற உறுப்பினருமான கனிமொழி ஊர் ஊராகப் பிரசாரம் செய்துவந்தார். ஏப்ரல் 3ஆம் நாள் அவருக்குத் தொற்று உறுதியாயிற்று. எஞ்சிய பிரசாரம் நின்றது. வாக்குப்பதிவன்று கடைசி ஒரு மணி நேரம் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தி சாயும் வேளையில், தலைமுதல் கால்வரை மூடிய காப்புடை அணிந்து மயிலாப்பூர்ச் சாவடிக்கு வந்து வாக்களித்துப் போனார். அந்தப் படத்தைப் பார்த்த எங்கள் அண்ணன், “இப்பதாம்மா சரியான பர்தா” என்று நகைச்சுவையாகச் சொன்னார்கள். அண்ணனிடம் நான் கேட்ட கடைசி வேடிக்கைப் பேச்சுகளுள் அது ஒன்று.

ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்றும், அதன் அதிகாரிகள்மீது கொலை வழக்கே போடலாம் என்றும் வாய்மொழியாகக் கடிந்துரைத்தார். வாக்கெண்ணிக்கை மே 2. பத்து நாள் கழித்து அண்ணனுக்கு மூச்சுத் திணறல். ஒரு மருத்துவமனையில் படுக்கை இல்லை என்றார்கள். மற்றொன்றில் வண்டியிலேயே நான்கு மணி நேரம் காத்திருந்தோம். அடக்கத்திற்கு எங்கள் வீட்டு ஆண்கள் நால்வரும், காப்புடை அணிந்து வந்த தன்னார்வத் தொண்டர்கள் சிலருமே போயினர். எங்கள் கபுருஸ்தானில், அத்தாவின் கபுருக்கு அருகில் அடங்கினார்கள். இலங்கைச் செய்திகளைப் படித்திருந்த எனக்கு அவ்வளவேனும் கிடைத்தது பெரும்பேறாகத் தோன்றியது.

மதினிக்கு அன்றிலிருந்து இத்தா. நான்கு மாதமும் பத்து நாளும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை என்று ஒவ்வொன்றும் மனைவியின் கையொப்பத்தைக் கேட்டது. ஓர் அலுவலகத்தில், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இத்தா என்றால் என்னவென்று அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. தேவைக்காக வெளியே செல்வதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று ஆலிம் சொன்னார். மதினிக்கோ வாசற்படி தாண்டவே காலெழவில்லை. என் தங்கை மகள்தான் நோட்டும் கையுமாக மூன்று முறை போய், மேலதிகாரியைப் பார்த்து, ஓர் ஊழியரை வீட்டுக்கே வரவழைத்துக் கையொப்பம் பெறச் செய்தாள். அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் ஒப்புதலோடு கொரோனாவால் இறந்தோர் குடும்பத்திற்கு 50,000 ரூபாய் உதவி என்று வந்தபோது, சான்றிதழில் நோயின் பெயர் வேறாக எழுதப்பட்டிருந்த வீடுகள் எம் தெருவைச் சுற்றி நான்கைந்து இருந்தன. நுரையீரல் அழற்சி என்றிருக்கும், மாரடைப்பு என்றிருக்கும். மாவட்ட அளவில் அதற்கென அமைந்த குழுவுக்கு மனு எழுத வேண்டும். எழுத்து என்னுடையது, அலைச்சல் அவளுடையது. நோட்டில் ஆறாவதாக ஒரு பத்தி விழுந்தது: ‘மனு’.

ஆகவே, 2022 ஜனவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டு, எங்கள் வார்டு பெண்களுக்கு என்று தெரிந்ததும் ஊரார் அவள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் நேராக அவள் கணவரிடம்தான் பேசினார்கள்! தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பயனாய் அம்முறை 21 மாநகராட்சிகளுள் 11இல் மேயர் பதவியே பெண்களுக்கென வந்தது. சட்டம் நாற்காலியை ஒதுக்கிவிடுகிறது. அதில் உட்காருவது யார் என்பதைத் திண்ணைகள் முடிவு செய்கின்றன. “நீங்க பாத்துக்குவீங்க, பேருக்கு அவங்க நின்னா போதும்” என்று வந்தவர்களுள் ஒருவர் சொன்னார். மாப்பிள்ளை நல்ல மனிதர். “எனக்கு அந்த நோட்டுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாதுங்க” என்றார்.

அவளுக்கு ஓர் அச்சம் இருந்தது. எங்கள் கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் பக்கத்துத் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவர் ராஜேஸ்வரி, தலித் பெண். ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, அவர் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவியது. துணைத் தலைவர் கைதானார். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். “பெரியம்மா, நானும் அப்படி உட்காரணுமா?” என்று கேட்டாள். “உனக்கு நாற்காலி இல்லையென்றால் நின்றுகொண்டே பேசு. ஆசிரியைகள் முப்பது வருஷம் நிற்கவில்லையா?” என்றேன்.

எந்தக் கட்சியிலும் இடம் கிடைக்கவில்லை. சுயேச்சையாக நின்றாள்.

சுவரொட்டியில் முகம் போடலாமா என்ற விவாதம் மூன்று நாள் நடந்தது. பெரியவர்கள் சிலருக்கு மனமில்லை. கணவர் படத்தைப் பெரிதாகவும் இவள் பெயரைச் சிறிதாகவும் போடுவது ஊர் வழக்கம். அதற்கு இவள் இசையவில்லை. இறுதியில் முகக்கவசம் அணிந்த தன் படத்தையே அச்சிட்டாள். ஊரார் இரண்டு ஆண்டுகளாகக் கண்டது அந்த முகத்தைத்தானே. அரசு விதித்த ஒழுங்கும் நிறைவேறிற்று, பெரியவர்கள் மனமும் நிறைந்தது. அக்காலத்தில் வந்த சுவரொட்டிகளுள் சுகாதார விதியை முழுமையாகப் பின்பற்றிய ஒரே சுவரொட்டி அதுவாகத்தான் இருக்கும்.

ஓமிக்ரான் அலை அப்பொழுது உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊர்வலத்திற்குத் தடை, வேட்பாளரோடு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வீடுதோறும் செல்லலாம். பெரிய கட்சிக்காரர் இதை இடைஞ்சல் என்றனர். இவளுக்கு அதுவே வசதியாயிற்று. மேளமும் பட்டாசும் கூட்டமும் இல்லாத பிரசாரத்தில், பணமில்லாத ஒரு பெண்ணும் மற்றவர்களுக்குச் சமமாகத் தெருவில் நடக்க முடிந்தது. நானும் தங்கையும் இரு பெண்களும் கூடச் சென்றோம். ஆண் வேட்பாளர்கள் திண்ணையோடு திரும்பிய வீடுகளில் நாங்கள் அடுக்களைவரை போனோம். அங்கேதான் ஊரின் உண்மையான குறைகள் இருந்தன. திண்ணையில் சாலை, விளக்கு, கால்வாய் என்பார்கள். உள்ளே, ஊசி போட்டுக்கொள்ள மகன் விடமாட்டேன் என்கிறான் என்று ஒரு மூதாட்டி அழுதார். கணவர் போனபின் கடன்காரர் வாசலில் நிற்பதை ஓர் இளம் விதவை தாழ்ந்த குரலில் சொன்னாள். இவள் வாக்குக் கேட்க மறந்து நோட்டை எடுத்துவிடுவாள். “சின்னத்தைச் சொல்லடி” என்று தங்கை இடிக்க வேண்டியிருந்தது.

பெண் பொதுவில் வருவது மார்க்கத்திற்கு ஒத்ததா என்று ஒரு பெரியவர் வினவினார். அவரோடு வாதிடவில்லை. அகழ்ப்போரின்போது மஸ்ஜிதுந் நபவியின் வளாகத்தில் கூடாரமமைத்துக் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்த ருஃபைதா (ரலி) அவர்களைப் பற்றி அவருக்கு நினைவூட்டினேன். “அது மருத்துவம், இது தேர்தல்” என்றார். “இவள் இதுவரை செய்ததும் அதுதானே, ஹஜ்ரத்” என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அவர் வீட்டு வாக்குகள் எங்கே விழுந்தன என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

பிப்ரவரி 19 வாக்குப்பதிவு. அன்று மதுரை மாவட்டம் மேலூரில் ஒரு சாவடியில், ஹிஜாப் அணிந்து வந்த பெண் வாக்களிப்பதற்குக் கட்சி முகவர் ஒருவர் தடை சொன்னார். கர்நாடகக் கல்லூரிகளில் மூண்ட நெருப்பின் பொறி அது. மற்றக் கட்சி முகவர்களே எதிர்த்துக் குரலெழுப்பினர். காவலர் அவரை வெளியேற்றினர். முகத்தை மூடாமல் வெளியே வந்தால் தண்டம் என்று இரண்டாண்டுகள் தண்டல் செய்த நாட்டில், தலையை மூடியவளைப் பார்த்து ஒருவருக்குக் கோபம் வந்தது! எங்கள் சாவடியில் அப்படியொன்றும் நேரவில்லை. முகவர்கள் எல்லாரும் எங்களை அறிந்தவர்கள். முகக்கவசத்தை இறக்காமலே, “வாங்க டீச்சர்” என்றார்கள்.

இவள் சில பத்து வாக்குகளில் தோற்றாள்.

மார்ச் 4ஆம் நாள் தலைவர் தேர்தல். எம் நகராட்சியின் தலைவர் பதவி தி.மு.க. கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அக்கட்சியின் வேட்பாளர் கிரிஜா திருமாறன். அவரை எதிர்த்துத் தி.மு.க.வின் ஜெயந்தி ராதாகிருஷ்ணன் போட்டியிட்டு வென்றார். கூட்டணித் தர்மத்தை மீறி வென்றவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அன்றே அறிக்கை விடுத்தார். நெல்லிக்குப்பத்தின் பெயர் ஒரு வாரம் நாளேடுகளில் அடிபட்டது. போட்டியிட்ட இருவரும் பெண்கள். ஆனால் அவ்வாரம் முழுவதும் நான் படித்த செய்திகளில் எந்தத் தலைவர் யாருக்கு வாக்களித்தார், எவர் எவரிடம் மன்னிப்புக் கேட்பார் என்பதே நிறைந்திருந்தது. அவ்விரு பெண்களும் நோய்க்காலத்தில் எந்தத் தெருவில் என்ன செய்தார்கள், குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் என்ன செய்ய எண்ணியிருக்கிறார்கள் என்று ஒரு வரி தேடினேன்; என் கண்ணில் படவில்லை. அதே நாள் கடலூர் மாநகராட்சிக்கு முதல் மேயராகச் சுந்தரி ராஜாவும், சென்னைக்கு இருபத்தெட்டே வயதான பிரியாவும் தெரிவாயினர். சென்னைக்குத் தலித் பெண் ஒருவர் மேயராவது அதுவே முதல் முறை. எங்கள் வீட்டில் தோல்வியின் சோர்வு இருந்தது. ஆயினும் அந்தச் செய்தியை என் பேத்திகளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

தோற்ற பின்னும் இவள் வீட்டு வாசலில் செருப்புகள் குறையவில்லை. வார்டு உறுப்பினரானவரும் ஒரு பெண்ணே. அவரிடம் போனால் அவர் கணவரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றும், கணவர் வெளியூரில் இருக்கிறார் என்றும் சிலர் வந்து முறையிட்டார்கள். இவள் அவ்வுறுப்பினரை ஒருநாள் தானே போய்ப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து நகராட்சிக்குப் போனார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை. அதன்பின் அந்த உறுப்பினர் தனியாகவே அலுவலகத்திற்குப் போய்வருவதை நான் இரண்டொரு முறை கண்டேன்.

நோட்டு இப்பொழுது ஐந்தாவது. அடுத்த தேர்தலில் நிற்பாயா என்று சென்ற நோன்புக் காலத்தில் இஃப்தாருக்கு வந்திருந்தபோது கேட்டேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பின் சந்தில் ஒரு பெண்ணுக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகை ஆறு மாதமாக வரவில்லை. “இதுக்கு ஒரு மனு, பெரியம்மா. உங்க எழுத்துன்னா அவங்க படிக்கிறாங்க. மஃக்ரிப் தொழுதுட்டு எழுதித் தாங்களேன், காலையில வண்டி ஏறணும்” என்றாள்.